இடப்பக்கம் திறக்கும் வண்டி

பைப் பிடிக்கிறவனுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். சிகரெட்காரன் பஸ் வருவதற்குள் பிடித்து முடித்துவிடுவான். சுருட்டுக்காரன் வாயில் அதை வைத்துக்கொண்டே மூட்டை தூக்குவான், மீன் விற்பான், சைக்கிள் மிதிப்பான். பைப் அப்படியில்லை. புகையிலையை உதிர்த்து, குழியில் பதமாக அமுக்கி, பற்றவைத்து, அணைந்தால் மறுபடி பற்றவைத்து, அரை மணி நேரமாவது ஒரே இடத்தில் சாவகாசமாக உட்கார வேண்டும். ரங்கூனில் எனக்கு அந்த அரை மணி நேரத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

போட்டாதாங் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே மேசைக்கு மேசை காகிதக் கட்டுகள். தீக்குச்சி கிழித்தாலே மேனேஜர் எழுந்து நிற்பார். வீடு லான்மடாவில் மூன்றாவது மாடி, இரண்டே அறை. என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். நெஞ்சு நோயாளிகள் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். "வீட்டுக்குள்ள அந்த நாத்தம் வரக்கூடாது" என்று கல்யாணமான வாரத்திலேயே சொல்லிவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்தால் மேல்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, எனக்குக் கேட்கிற மாதிரி இருமுவார். டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து பற்றவைத்தால், "என்ன ஊலே, இங்கிலீஷ் துரை ஆயிட்டீங்களா?" என்று பையன்கள் சிரிப்பார்கள். ஊலே என்றால் பர்மியத்தில் மாமா என்கிற மாதிரி.

தெருமுனையில் நின்று பிடிக்கலாம் என்றால், எண்பத்தெட்டில் ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டதற்குப் பிறகு அதுவும் கஷ்டமாகிவிட்டது. காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தால், போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையை வேகமாக்குவார்கள். சும்மா நிற்பதற்குக்கூட ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்த காலம். பைப் பிடிக்க நிற்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தப் பைப்பை எனக்குக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். நான் வேதக்காரன், அவர்கள் இந்து. எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும் கப்பலிலிருந்து லீவு போட்டு வந்து, சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். திறந்தால் பைப். "எங்க வீட்டுச் சீதனம் மாப்ளே. வேற ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க" என்றார். அவர் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அங்கே புகைக்கக் கூடாது. மேல்தளத்திலும் காற்று அடித்தால் முடியாது. பைப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, துறைமுகம் எப்போது வரும் என்று காத்திருந்தே பாதி உலகத்தைச் சுற்றிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவில் வந்தால் எங்கள் முன்னறையில்தான் படுப்பார். தங்கை போட்ட சட்டத்துக்கு அவரும் கட்டுப்பட்டவர்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் கப்பல் வேலையை விட்டார். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் திரும்பும்போது ஜப்பானிலிருந்து ஒரு பழைய கார் கொண்டுவருவார்கள். இங்கே அதை விற்றால் ஒரு வீட்டுக்கு அச்சாரம் கொடுக்கலாம். மச்சானும் ஒரு வண்டி கொண்டுவருகிறார் என்று கேள்விப்பட்டு ஜெட்டிக்கு நானே போனேன். கிரேனிலிருந்து இறங்கியது காரல்ல. வெள்ளை நிறத்தில், முதுகு உயர்ந்த ஒரு வேன். ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை. பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே ஒரு மேசை. அதை மடக்கினால் கட்டில். கட்டிலுக்கு மேலே ஒரு பரண், அதிலும் படுக்கலாம். மூலையில் தண்ணீர்த் தொட்டியும் குழாயும், ஒரு சின்ன கேஸ் அடுப்பும்.

"இது என்ன மச்சான், வண்டிக்குள்ள சமையக்கட்டு?"

"ஜப்பான்காரன் ஞாயித்துக்கிழமை இதுல ஏறி மலைக்குப் போயிடுறான். அங்கயே சமைச்சு, அங்கயே தூங்குறான்."

"வித்தா யாரு வாங்குவாங்க?"

அவர் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "கப்பல்ல எல்லா ஊரும் போயிட்டேன் மாப்ளே. ஆனா நான் நிக்கணும்னு நெனைச்ச எடத்துல ஒரு தடவை கூட நிக்கல" என்றார்.

ஆனாலும் விற்கத்தான் பார்த்தோம். தரகர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "இதுல எத்தனை பேரை ஏத்தலாம்?" என்று கேட்டார். "உக்காந்தா அஞ்சு பேர், படுத்தா நாலு பேர்" என்றார் மச்சான். தரகர் சிரித்துக்கொண்டே போனவர் திரும்பி வரவில்லை. ஆள் ஏற்ற முடியாது, அரிசி மூட்டை ஏற்ற முடியாது. இப்படித்தான் அந்த வண்டி எங்களுக்கே மிஞ்சியது. அன்றைக்கு வாங்க ஆள் வராததற்குக் கர்த்தருக்கு நான் சொன்ன ஸ்தோத்திரம் கொஞ்சமில்லை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஜப்பானில் இடப்பக்கம். அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது, முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்கு எதிர்ச்சாலை தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்த நான் தலையை வெளியே நீட்டி, "போலாம்" அல்லது "வேணாம்" என்று சொல்ல வேண்டும். ரங்கூனில் எல்லா ஜப்பான் வண்டிக்கும் இந்தக் கதைதான். எங்கள் வண்டிக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதன் ஒரே பக்கக் கதவு இடப்பக்கம். ஓரமாக நிறுத்தினால் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். இறங்குகிறவன் லாரிச் சக்கரத்துக்கு நேராகக் காலை வைக்க வேண்டும். ஆகவே எங்களால் ரோட்டோரம் நிற்கவே முடியாது. எங்கேயாவது ஒரு வண்டிப்பாதையில் திரும்பி, யாருடைய தோட்டத்துக்குள்ளோ வயல்மேட்டிலோ போய்த்தான் நிற்க வேண்டும். யாரிடமாவது கேட்டாக வேண்டும். இந்த ஒரு கோளாறால் எங்களுக்கு அறிமுகமான மனிதர்கள் எத்தனையோ பேர்.

முதல் பயணம் மாவ்பிக்கு. நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒரு வெற்றிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அனுமதி கேட்டு நின்றோம். கதவைத் திறந்து இரண்டு கான்வாஸ் நாற்காலிகளை வெளியே போடுவதற்குள், தோட்டக்காரரின் மனைவியும் இன்னும் நாலு பெண்களும் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள்.

"என்ன விக்கிறீங்க ஊலே? எண்ணெய் இருக்கா?"

ஒன்றும் விற்கவில்லை, சும்மா உட்கார வந்தோம் என்றேன். அவர்கள் நம்பாமல் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கை வெற்றிலை கொடுத்துவிட்டுப் போனார்கள். மச்சான் பைப்பை எடுத்தார், நானும் எடுத்தேன். கப்பல் காலத்துப் புகையிலை தீர்ந்துபோயிருந்ததால், சந்தையில் வாங்கிய இலையை மெல்லியதாக வெட்டி, வெல்லத் தண்ணீர் தெளித்து, ஆரஞ்சுத் தோலோடு டப்பாவில் போட்டு ஊறவைத்திருந்தோம். மாவ்பியின் மத்தியான வெயில் பந்தலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. யாரும் இருமவில்லை. யாரும் எங்களை ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பைப் அணைந்தது, மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது, அவசரமே இல்லை. பேசாமல் இரண்டு பேரும் ஒரு தடவை முழுதாகப் பிடித்து முடித்தோம். எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. சொந்த விருப்பப்படி எதையாவது செய்துமுடித்த மாதிரி அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது.

அதன்பிறகு பெட்ரோல் சேர்ப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. அளவாகத்தான் கிடைக்கும். வாரக்கணக்கில் டின்னில் சேர்த்து, பெகு வரைக்கும் ஒரு தடவை, அதற்கும் அப்பால் ஒரு தடவை என்று போய்வந்தோம்.

மனைவி வரவில்லை. அவள் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். ஓய்வு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் பழக்கத்தில் சீக்கிரம் எழுந்து தலையை வாரிக்கொண்டு, பிறகு போக இடமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். சமைப்பாள், பேச்சு குறைந்துவிட்டது. நான் கேட்டால், "எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். மச்சான்தான் விடவில்லை.

"கலோ மலைக்குப் போறோம் தங்கச்சி. குளிரும். நீ ஒரு வாட்டி வந்து பாரு. பிடிக்கலன்னா தாஸியில ரயில் ஏத்தி விட்டுடுறேன்."

"வண்டிக்குள்ள புகை விடக்கூடாது."

"நாற்காலியை வெளியதானே போடுறோம்."

"காத்து அடிக்கிற பக்கம் பாத்துப் போடணும்."

இந்த ஒப்பந்தத்தின் பேரில் அவள் ஏறினாள்.

தௌங்கூவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் சாயங்காலம் நின்றபோது, அந்த ஊர்த் தலைவர் வந்தார். எங்கள் நாட்டில் வெளியூரில் இரவு தங்கினால், எந்த வீட்டில் தங்குகிறோமோ அந்த வீட்டுக்காரர் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் குழம்பிவிட்டார்.

"யார் வீட்டு விருந்தாளி நீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்ல. இதுதான் எங்க வீடு" என்று வண்டியைக் காட்டினார் மச்சான்.

"வீட்டுக்கு நம்பர் வேணுமே?"

"இருக்கே." மச்சான் அவரைக் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப்போய் வண்டியின் நம்பர் பலகையைக் காட்டினார். தலைவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோளைக் குலுக்கிச் சிரித்துவிட்டார். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். கேஸ் அடுப்பைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியையும் கூட்டிவந்து காட்டினார். "நாளைக்குக் காலையில வீடு கிளம்பிடும்ல?" என்று ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டுதான் போனார்.

கலோ ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிட்டது. மூடியிலிருந்து ஆவி பறக்க, இடப்பக்கம் சமதரையாக ஒரு தேயிலைத் தோட்டம் தெரிந்ததும் மச்சான் எதிர்ச்சாலையைக் கடந்து அதற்குள் திருப்பினார். மூங்கில் வீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பலாங் இனத்தவள், எங்கள் வயதுதான் இருக்கும். சிவப்புக் கோடு போட்ட பாவாடை, இடுப்பில் பிரம்பு வளையங்கள். வாயில் மூங்கில் வேரில் செய்த ஒரு நீண்ட பைப்.

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பைப்புகளை எடுத்துக் காட்டினோம். அவள் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பர்மியம் அரைகுறை. எங்கள் டப்பாவை வாங்கி மோந்து பார்த்து மூக்கைச் சுருக்கினாள். ஆரஞ்சுத் தோல் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தன் பையிலிருந்து இலையை எடுத்து எங்கள் பைப்பில் அவளே அமுக்கினாள். ஓர் இழுப்புத்தான் இழுத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சான் எஞ்சின் அறைக்காரர், தாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் தன் பைப்பைத் துடைத்து, என் மனைவியிடம் நீட்டினாள். விருந்தினருக்கு எல்லாம் கொடுத்துவிட்டு இவளுக்குக் கொடுக்காமல் இருந்தால் மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். நான் பதறிப்போய், "அவங்க பிடிக்கமாட்டாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். ஒரே ஓர் இழுப்பு. கண்ணை மூடித் திறந்தாள். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"வாயில அடுப்பை வச்ச மாதிரி இருக்கு. நீங்க பேசாம இருங்க."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் என் மனைவி வேகமாக வெளியே வந்தாள்.

"தண்ணி கொதிக்க வைங்க. பெரிய பாத்திரத்துல. அண்ணே, உங்க வெள்ளை வேட்டி சுத்தமானது இருக்கா?"

அந்தக் குரலை நான் கேட்டுப் பல மாதமாகியிருந்தது. அது வார்டில் பேசுகிற குரல். உள்ளே அந்தப் பெண்ணின் புருஷன் படுத்திருந்தார். மண்வெட்டி காலில் பட்டு, புண் சீழ்பிடித்து, காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கீழே போக வண்டி வசதியில்லை. என் மனைவி அன்று மாலை உப்புத் தண்ணீரில் அந்தக் காலைக் கழுவிக் கழுவி, வேட்டியைக் கிழித்துக் கொதிக்க வைத்துக் கட்டினாள். மறுநாள் எஞ்சின் ஆறியதும் மச்சான் கலோவுக்குப் போய், அவள் எழுதிக் கொடுத்த மருந்துகளை வாங்கிவந்தார். "ராத்திரிக்குள்ள காய்ச்சல் இறங்கலன்னா நாமளே இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்று என்னிடம் சொன்னாள். இறங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்வரை அங்கேயே இருந்தோம். எங்களுக்கு மூன்று வேளையும் சோறு அந்த வீட்டில்தான். சாயங்காலத்தில் நானும் மச்சானும் அந்தப் பெண்ணும் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வரிசையாக உட்கார்ந்து பைப் பிடிப்போம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று என் மனைவி கேட்கவேயில்லை, அவளுக்கு வேலை இருந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் "போலாம்", "வேணாம்" சொல்வதற்கே இடைவெளி கிடைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை, "நான் அதை வாங்கலன்னா அவ என்னை உள்ள கூட்டிட்டுப் போயிருக்க மாட்டா" என்றாள்.

"அப்ப இனிமே..."

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னா வரக்கூடாதுதான்."

ஆனால் அதற்குப் பிறகு, "எப்ப கிளம்பலாம்?" என்று கேட்பவள் அவள்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு மருந்துப் பெட்டி வந்துவிட்டது. நாங்கள் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டுப் பைப் பற்றவைப்பதற்குள், அவள் யாருடைய குழந்தைக்காவது காதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னால் முடியாததை, "இதை ஆஸ்பத்திரியிலதான் காட்டணும்" என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவாள். சில பேரை நாங்களே வண்டியில் படுக்கவைத்துப் பக்கத்து டவுனுக்குக் கொண்டுபோயிருக்கிறோம். வீட்டில் அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலியில் இப்போது மடித்த துணிதான் இருந்தது. அவளை அந்த மலையில் எனக்குத் திருப்பிக் கொடுத்தவர்களின் பேர்கூட எனக்குச் சரியாக உச்சரிக்க வராது. ஜெபத்தில் "அந்தத் தேயிலைத் தோட்டத்து வீடு" என்றுதான் சொல்லுவேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. வண்டிக்கு வயதானது, எங்களுக்கும்.

பெரிய புயல் அடித்து ரங்கூன் மரங்களெல்லாம் சாய்ந்ததற்கு மறுவருஷம், ஒரு பயணத்தில் மச்சான் காலையில் இருமிக்கொண்டே இருந்தார். என் மனைவி அவர் சட்டையைத் தூக்கி, முதுகில் காதை வைத்துக் கேட்டாள். நாற்காலிகளை மடக்கினாள். "திரும்புங்க" என்றாள். ரங்கூனில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நாங்கள் பயந்த புற்றுநோய் இல்லை, ஆனால் நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, இனி ஒரு புகைகூடக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் பைப்பை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். அவ்வளவுதான். நாற்பது வருஷப் பழக்கத்தை ஆஸ்பத்திரி வாசற்படியில் விட்டுவிட்டார். எனக்கு அவ்வளவு மன உறுதி கிடையாது. ஆனால் அவர் முன்னால் பிடிக்க மனசு வரவில்லை, அவரில்லாமல் பிடிப்பதில் ருசியும் இல்லை. ஒரு மாதத்தில் என்னுடையதும் நின்றுவிட்டது. புகையிலை டப்பாவை நான் கழுவிக் கவிழ்த்ததை என் மனைவி பார்த்தாள். அன்று எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தாள், ஞாபகமிருக்கிறது.

அவரால் இனி தூரம் ஓட்ட முடியாது என்பதால், அந்த வயதில் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆற்றைத் தாண்டித் தன்லின் பக்கம்வரை போவோம், அதற்கு மேல் எனக்குத் துணிச்சல் போதாது. இரண்டாயிரத்துப் பத்தில் மழைக்காலத்துக்கு முந்தின ஒரு நாள், ஆற்றோர மேட்டில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கையில் ஒன்றுமில்லாமல் உட்காருவது முதலில் கூச்சமாக இருந்தது. பைப் பிடித்த காலத்தில் நாங்கள் பேசியதே குறைவு. இப்போது வாய் சும்மா இருந்ததால் பேச்சு வந்தது. அவர் பார்த்த துறைமுகங்களை, எஞ்சின் அறைச் சூட்டை, ஒருமுறை பிடித்துப்போய்ச் சொல்லாமலே விட்டுவிட்ட ஒரு பெண்ணை, எல்லாவற்றையும் அந்த மாதங்களில்தான் சொன்னார்.

அன்று பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்தினார்.

"மாப்ளே, அது என்ன வாசனை?"

"ஆத்துச் சேறு."

"அது தெரியுது. இன்னொண்ணு, இனிப்பா."

நான் மோந்து பார்த்தேன். பக்கத்து மாந்தோப்பில் பழுத்து விழுந்ததாக இருக்கலாம். வண்டிக்குள் என் மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள், அந்த வாசனையும் வந்தது.

"இவ்வளவு வருஷமா இங்கதானே இருந்திருக்கு இதெல்லாம்" என்றார் அவர். வருத்தமாகச் சொல்லவில்லை. புது ஊரில் இறங்கிய கப்பல்காரர் மாதிரி ஒவ்வொன்றாக மோந்துகொண்டிருந்தார். "மல்லிப்பூ. அங்க யாரோ மீன் காயவச்சிருக்காங்க. மழை வரும் போல."

"ஏங்க, தட்டு எடுத்து வைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் எழுந்து போனேன்.